பழவேற்காட்டுல துறைமுகத்தைத் தேடிப் பாக்குறது எப்படி

பழவேற்காடு போயிட்டு வந்த நிறைய பேரு சொல்றது, "அங்க ஒண்ணும் இல்லப்பா, ஏரி, மீனு, ஒரு பழைய டச்சுக் கல்லறை, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்"னு. இதைக் கேட்டா எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கும். மெட்ராஸ்னு ஒரு ஊரு உருவாகுறதுக்கு முன்னாடியே ஜாவா வரைக்கும் துணி அனுப்பின ஊரு அது. துறைமுகம்னு கை காட்ட அங்க இப்ப ஒரு சுவரு கூட ஒழுங்கா நிக்கல, அதனாலதான் எங்க நின்னு எதைப் பாக்கணும்னு தெரிஞ்சுட்டுப் போகணும். நான் போயிப் போயிக் கத்துக்கிட்டதை எழுதுறேன்.

சென்னை சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி பொன்னேரியில இறங்குங்க, அங்கேருந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கு. முடிஞ்ச அளவு காலையிலேயே போயிடுங்க, வெயிலுக்காக மட்டும் இல்ல, கல்லறை எழுத்துக்காகவும்தான், அதைக் கீழ சொல்றேன். டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் போனா பூநாரையும் பாத்துட்டு வரலாம்.

இறங்கின உடனே எல்லாரும் கல்லறைக்கு ஓடுவாங்க, நீங்க ஓடாதீங்க. மொதல்ல லைட் ஹவுஸ் பக்கம் போற பாலத்துல ஏறி நில்லுங்க. ஒரு பக்கம் ஏரி, கிழக்கே மணல் மேடு, அதுக்கு அந்தாண்ட கடல். ஏரியும் கடலும் சேர்ற இடம்தான் முகத்துவாரம், மழைக்காலத்துல வெள்ளம் வந்து அது திறக்கும், கோடையில மணல் மூடும். இந்தியாவுல ஒடிசாவுல இருக்குற சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான், ஆனா ஆழம் ரொம்பக் கம்மி. அதனால பெரிய கப்பல் எதுவும் உள்ள வரல, கடல்லேயே நங்கூரம் போட்டு நிக்கும், சின்னப் படகுலதான் மூட்டையை ஏத்தி இறக்குவாங்க. அப்போ துறைமுகம்னா கல்லுல கட்டின கரைன்னு நினைச்சிடாதீங்க, இந்த ஏரி, அந்த முகத்துவாரம், அதுல படகு விடத் தெரிஞ்ச ஆளுங்க, மூணும் சேந்ததுதான் துறைமுகம். இது புரிஞ்சாத்தான் மத்ததெல்லாம் புரியும்.

தண்ணிகிட்ட மீன் பிடிக்கிற அண்ணனுங்க யாராவது ஓய்வா இருந்தா பாடு முறை பத்திக் கேளுங்க. ஏரியில எந்த இடத்துல யாரு என்னிக்கு வலை போடலாம்னு முறை வச்சுப் பிரிச்சுக்குற பழைய வழக்கம் அது. புத்தகத்துல படிக்கிறதை விட அவங்க வாயால கேக்கணும். ஒரே ஒரு விஷயம், யாராவது ஏரியைச் சுத்திக் காட்டுறேன்னு படகுக்குக் கூப்பிட்டா ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25ல இங்க படகு கவுந்து இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க.

அடுத்தது கோட்டை. கோட்டைன்னு போனா முள்ளுப் புதரும் மேடும் சுத்தி அகழியும்தான் இருக்கும், அந்த அகழி ஓரமாவே நடந்தா கோட்டை எவ்ளோ பெருசுன்னு ஓரளவு பிடிபடும். செருப்பு வேணாம், ஷூ போட்டுக்குங்க. கதை இதுதான். 1502 வாக்குல போர்ச்சுகீசியர் இந்த ஊருக்கு வந்தாச்சு. நம்ம பெரியவங்க ஒல்லாந்தர்னு சொல்ற டச்சுக்காரங்க 1610ல விஜயநகர அரசர் வெங்கடபதி ராயர்கிட்ட அனுமதி வாங்கி இங்க பண்டகசாலை போட்டாங்க, 1612ல மயிலாப்பூர் சாந்தோம்லேருந்து போர்ச்சுகீசியர் வந்து அதை அடிச்சு நொறுக்கினாங்க, உடனே 1613ல டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிட்டாங்க. கெல்டர்லாந்துங்கிறது அவங்க நாட்டுல ஒரு மாகாணம், அந்தப் பேருதான் இது. 1690ல தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுக்க அவங்க வியாபாரம் இங்கேருந்துதான் நடந்துச்சு, நாணயமும் அடிச்சாங்க, வெடிமருந்தும் செஞ்சாங்க. அப்புறம் 1795ல இங்கிலீஷ்காரங்க பிடிச்சாங்க, 1800கள் தொடக்கத்துல கோட்டையை இடிச்சாங்க, 1818ல திருப்பிக் குடுத்தாங்க, 1824 ஒப்பந்தப்படி 1825ல ஒரேயடியா வாங்கிக்கிட்டாங்க. வருஷம் எல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம், 1613, 1690, 1825 மூணு போதும்.

இப்ப கல்லறைக்கு வாங்க. தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு, பூட்டியிருந்தா திரும்பிடாதீங்க, அக்கம்பக்கத்துல பொறுமையா விசாரிங்க. வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நிக்கும், எல்லாரும் அதைப் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. உள்ள படுத்துக் கிடக்குற கல்லுங்கதான் விஷயம். நான் மொத தடவை உச்சி வெயில்ல போயி ஒரு வரி கூடப் படிக்க முடியாம வந்தேன். காலையிலயோ சாயங்காலமோ வெளிச்சம் சாய்வா விழும்போதுதான் வெட்டின எழுத்துல நிழல் விழுந்து தெளிவாத் தெரியும். மேகமா இருந்தா மொபைல் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டுல தாழ்த்திப் பிடிங்க, மேலேருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது. சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தயவுசெஞ்சு கல்லு மேல தேய்க்காதீங்க, கல்லு கெட்டுப்போனா போனதுதான்.

மொழி தெரியலையேன்னு பயப்பட வேணாம், பத்து வார்த்தை போதும். "ஹியர் லெய்ட் பெக்ராவன்"னு ஆரம்பிச்சா "இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்". "கோப்மன்"னா வியாபாரி, "ஓப்பர்கோப்மன்"னா பெரிய வியாபாரி, டச்சுக் கம்பெனியில அது ஒரு பதவி. "ஹவுஸ்ஃப்ரவ்"னா மனைவி. "அவுட்"னா வயசு, அதுக்குப் பின்னாடி "யாரன்" வருஷம், "மாண்டன்" மாசம், "டாகன்" நாள். அந்தக் காலத்துல யூ எழுத்தை வீ மாதிரி வெட்டுவாங்க, அதை ஞாபகம் வச்சுக்குங்க. வீ, ஓ, சி மூணு எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு பின்னின மாதிரி எங்கயாவது பாத்தா அது 1602ல ஆரம்பிச்ச டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோட முத்திரை, நம்ம வ.உ.சி. இல்ல. வயசை வருஷம், மாசம், நாள்னு எண்ணி வெட்டியிருக்குற கல்லைப் பாத்தா கொஞ்ச நேரம் நின்னுதான் நகர முடியும்.

ஆனா கல்லறையில யாரு இல்லைன்னும் பாருங்க. பஞ்ச காலத்துல சாப்பாட்டுக்கு வழி இல்லாம வித்துக்கிட்டவங்க, பிடிச்சுட்டு வரப்பட்டவங்க, எவ்வளவோ பேரை இதே கரையிலேருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுக்கு, அடிமையா ஏத்தி அனுப்பினாங்க. அவங்களுக்கு ஒரு கல்லும் கிடையாது. கூட யாராவது வந்தா, சின்னப் பிள்ளைங்களா இருந்தாலும், இதைச் சொல்லாம கூட்டிட்டு வராதீங்க.

கல்லறை முடிஞ்சா ஊருக்குள்ள நடங்க. செம்புராங்கல்லுல கட்டின ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கு, நிழல் கடிகாரம் வச்ச பள்ளிவாசல் இருக்கு, மகிமை மாதா கோயில் இருக்கு. டச்சுக்காரன் வர்றதுக்கு முன்னாடியே இங்க முஸ்லிம் வியாபாரிங்க கடல் வியாபாரம் பண்ணிட்டு இருந்தாங்க. கம்பெனிக்குத் துணி பிடிச்சுக் குடுத்ததுல பெரிய கை, மலையான்னு கூப்பிட்ட அச்சுதப்பச் செட்டியும் அவரு தம்பி சின்னண்ணாவும். நெசவாளிக்கு முன்பணம் குடுத்து, இம்பூரல்ங்கிற சாயவேர்ல சிவப்பு ஏத்தி, அந்தத் துணியைக் குடுத்துத்தான் கிழக்குத் தீவுகள்ல கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினாங்க. வெள்ளிக்கு அங்க அவ்வளவு மதிப்பு இல்ல, நம்ம துணிக்குத்தான் இருந்துச்சு. மலேசியாவுல இன்னிக்கும் கட்டம் போட்ட லுங்கிக்கு "கயின் பெலிக்காட்"னுதான் பேரு, அந்தப் பெலிக்காட், இங்கிலீஷ்ல புலிக்காட்னு சொல்ற இந்த ஊருதான். அங்க சொந்தக்காரங்க இருந்தா ஒரு போன் போட்டுக் கேளுங்க.

இன்னொரு நாள் நேரம் இருந்தா ஏரியோட வடக்கு முனைக்கு, ஆந்திராவுல துர்கராஜபட்டினம் பக்கம் போங்க. இங்கிலீஷ்காரங்க 1621ல பழவேற்காட்டுல டச்சுக்காரங்களோட சேந்து வியாபாரம் பண்ணப் பாத்து ஒத்து வராம, 1626ல அங்கதான் போயி உக்காந்தாங்க, ஆர்மகான்னு பேரு. அதுவும் சரிப்படாமத்தான் 1639ல தெற்கே மெட்ராஸ்ல இடம் பிடிச்சாங்க. எழும்பூர் ஆவணக் காப்பகத்துல டச்சு ஆவணங்களும் இருக்கு, ஆராய்ச்சி பண்ற ஆசை இருந்தா அங்க விண்ணப்பம் போடலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஊரு அக்காங்க பின்ற பனை ஓலைக் கூடை ஒண்ணு வாங்கிக்குங்க, பேரம் பேசாதீங்க. பொன்னேரிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு காலையில இறங்கும்போதே கேட்டு வச்சுக்குங்க.