குடியை நிறுத்த நினைக்கிறீர்களா? முதல் மீட்டிங்குக்குப் போவது எப்படி

குடியை விட உதவும் ஆதரவுக் குழுக்களைப் பற்றிக் கேள்விப்பட்டும் பலர் போவதில்லை. உள்ளே என்ன நடக்கும், யார் இருப்பார்கள், எழுந்து நின்று பேசச் சொல்வார்களோ என்ற தயக்கம்தான். தேடுவதில் தொடங்கி மீட்டிங் முடிந்த பிறகு செய்ய வேண்டியது வரை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. பல காலமாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர் என்றால், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று ஆரம்பித்து, சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வரும். உயிரே போகவும் வாய்ப்புண்டு. முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மீட்டிங்கும் மருத்துவமும் சேர்ந்தே நடக்கலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

படி 1: எந்தக் குழு?

உலகம் முழுக்கப் பரவியிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. இதன் அடிப்படை, குடியிலிருந்து மீள ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்க வேண்டிய 12 படிகள். அதில் கடவுளைப் பற்றிய பேச்சு வரும். அந்தக் கடவுள் யார், எப்படிப்பட்டவர் என்பது அவரவர் புரிதலுக்கு விடப்பட்டது. அதுவும் ஒத்துவராது என்பவர்களுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை வைத்து நடக்கும் ஸ்மார்ட் ரெகவரி இருக்கிறது. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பே உண்டு.

இதெல்லாம் வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏவோடு இணைக்கும் முறையான சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்ததாக அதில் தெரியவந்தது.

குழுக்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வாரங்களை ஓட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பது எதுவோ, சீக்கிரம் நடப்பது எதுவோ, அதற்குப் போங்கள்.

படி 2: தேடுவது

ஏஏவுக்கு 'மீட்டிங் கைடு' என்ற இலவசச் செயலி இருக்கிறது. அது இல்லாத இடங்களில் அமைப்பின் இணையதளம், உதவி எண் ஆகியவற்றில் கேட்கலாம். பட்டியலில் திறந்த மீட்டிங், மூடிய மீட்டிங் என்று இருக்கும். திறந்ததற்கு யாரும் வரலாம், துணைக்கு ஒருவரையும் கூட்டிப்போகலாம். மூடியது குடிப்பிரச்சினை இருந்து, நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். இடமும் நேரமும் சொல்லாமல் மாறும், அதனால் கிளம்புமுன் ஒரு போன் போட்டு உறுதி செய்யுங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு ஆன்லைன் மீட்டிங்குகளும் நடக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்க விடும் குழுக்களும் உண்டு.

படி 3: உள்ளே போனதும்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. புதிதாக வந்திருக்கிறேன் என்று ஒருவரிடம் சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மீட்டிங் பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை மணி. ஒருவர் நடத்துவார், சில பக்கங்கள் வாசிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் அனுபவத்தைப் பேசுவார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவது வழக்கம். உங்கள் முறை வரும்போது "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கிடுவதும் அறிவுரை சொல்வதும் அங்கே கூடாது. (குடிப்பவருக்கு அறிவுரை கேட்காத ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிய விஷயம்.) காணிக்கைப் பை வந்தால் அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள். முடிவில் பிரார்த்தனை சொன்னால், விருப்பமில்லாதவர்கள் பேசாமல் நிற்கலாம். அங்கே கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். மற்றவர்களும் உங்கள் விஷயத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

படி 4: முடிந்ததும் ஓடாதீர்கள்

என்னைக் கேட்டால், மீட்டிங்கைவிட முக்கியமானது அதற்குப் பிறகான கால் மணி நேரம்தான். குடிக்கும் ஆசை மீட்டிங் நேரம் பார்த்து வருவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வரும். அப்போது கூப்பிட ஒரு எண் வேண்டும். அதனால் இரண்டு மூன்று பேரிடம் எண் வாங்குங்கள். வாங்கியதோடு நிற்காமல், மறுநாளே சும்மா ஒரு முறை பேசிவிடுங்கள். நன்றாக இருக்கும்போது பேசிப் பழகாதவருக்கு, தத்தளிக்கும்போது கை போனுக்குப் போகாது. கூப்பிட வேண்டியது முதல் மடக்குக்கு முன்னால்.

சில மீட்டிங்குகளுக்குப் பிறகு ஸ்பான்சர் ஒருவரைத் தேடுங்கள். பணம் தருபவர் இல்லை, உங்களுக்கு வழிகாட்டும் துணை: குடியை விட்டுச் சில காலம் ஆன, ஏஏவின் 12 படிகளையும் தாண்டி வந்த ஒருவர். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்று வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் தற்காலிக ஸ்பான்சர் கேளுங்கள்.

படி 5: பிடிக்காவிட்டால்

குழுவுக்குக் குழு முகம் வேறு. ஒன்று சலிப்பாக இருந்தால் இன்னொன்றுக்குப் போங்கள். நான்கைந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நியாயம். ஆனால் யாராவது கடன் கேட்டாலோ, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, புதியவர் என்று பார்த்து வேறு விதமாக நெருங்கினாலோ, அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால்? அடுத்த மீட்டிங்குக்குப் போய் அதைச் சொல்லுங்கள். ஏஏவில் உறுப்பினராக ஒரே நிபந்தனை, குடியை நிறுத்தும் விருப்பம். குடித்துவிட்டதற்காக யாரையும் நீக்குவதில்லை.