நன்னாரியைக் கொதிக்க விடாதீங்க

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிட்டா எங்க அடுப்படியில நன்னாரி மணக்கணும். தாத்தா கீழமாசி வீதிப் பக்கம் சர்பத் வண்டி போட்டிருந்தவர். முதல் தடவை நானா செஞ்சப்போ, வேரைக் கஷாயம் மாதிரி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். தெருவே மணந்துச்சு. பாட்டில்ல வெறும் சீனித்தண்ணி. "மணத்தைத் தெருவுக்கு ஊத்திட்டியே தாயி"ன்னார்.

நாட்டு மருந்துக்கடையில 100 கிராம் வேர் வாங்குங்க. ஒண்ணை ஒடிச்சு மோந்து பாருங்க. மணக்கலைன்னா பழசு, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. மண் போக நாலு தண்ணியில அலசி, நிழல்ல உலர்த்தி, உரல்ல லேசா தட்டினா தோல் விட்டுக்கொடுக்கும். உள்ளே வெள்ளையா இருக்கிற குச்சியைத் தூக்கிப் போட்டுடுங்க. மணம் தோல்லதான். பொறுமையைச் சோதிக்கிற வேலை இது. இதுக்குப் பயந்துதான் பாதிப்பேர் கடையில வாங்குறாங்க.

தோலைக் கொரகொரன்னு இடிச்சுக்கோங்க. ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிக்கவச்சு, அடுப்பை அணைச்ச பிறகு தோலைப் போட்டு மூடிடுங்க. ராத்திரி முழுக்கத் திறக்கக் கூடாது. காலையில வேட்டித்துணியில வடிகட்டி, கலங்கல் அடியில தங்கினதும் தெளிவை மட்டும் இறுத்துக்கோங்க.

ஒரு கிலோ சீனியில ஒரு டம்ளர் தண்ணி விட்டுப் பாகு காய்ச்சுங்க. கம்பிப் பதம் வந்ததும் அரை எலுமிச்சையைப் பிழிஞ்சா பாகு பூத்துப்போகாது. தீயைக் குறைச்சு, எட்ட நின்னு, 600 மில்லி நன்னாரித் தண்ணியை மெல்ல ஊத்துங்க. ரெண்டும் கலந்து சூடேறினதும் இறக்கிடணும். நிறம் டிக்காஷன் மாதிரிதான் இருக்கும். கடைச் சிவப்பெல்லாம் சாயம். ஆறினதும் பாட்டில்ல அடைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சுக்கோங்க, ஈரக்கரண்டி மட்டும் படக் கூடாது.

சோடாவுக்குக் கோலி சோடா கிடைச்சா விடாதீங்க. இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் 1872-ல காப்புரிமை வாங்கின பாட்டில் அது. உள்ளே இருக்கிற கேஸே கோலியை மேலே தள்ளி, கழுத்து ரப்பர்ல அழுத்தி அடைச்சிரும். விருதுநகர்ல 1916-ல தொடங்கின காளிமார்க் மாதிரி நம்ம பக்கத்துக் கம்பெனிகள் கலர், சோடான்னு ஊர் ஊரா ஊத்தின காலத்துலயும், தாத்தா வண்டிக்கு வந்தவங்க கேட்டது நன்னாரிதான். வெயிலுக்குச் சூடு தணியணும்ல.

டம்ளர்ல மூணு கரண்டி சர்பத், அரை எலுமிச்சை, ஊறின சப்ஜா விதை, ஐஸ். சோடாவைக் கடைசியா, டம்ளரைச் சாய்ச்சு ஓரமா ஊத்தணும். நேரா கவுத்தா பாதி மேசையில பொங்கி நிக்கும். மிச்ச சர்பத்தை ஜிகர்தண்டாவுக்கு வச்சுக்கலாம். அந்த டம்ளர்ல மட்டும் எலுமிச்சை பிழிஞ்சிடாதீங்க, பால் திரிஞ்சிரும்.