சூரை முள்ளில் தொடங்கி: எலும்புக்கு ஒரு ஐதரோஜெல் சாரக்கட்டு

எலும்பில் பெரிய இடைவெளி விழுந்தால் உடல் அதைத் தானாக அடைப்பதில்லை. கலங்கள் (உயிரணுக்கள்) பற்றிப் படர அங்கே தற்காலிகமாக ஒரு சாரக்கட்டு வேண்டும். நீரை ஏராளமாகப் பிடித்துவைக்கும் ஐதரோஜெல் அதற்கு ஏற்றது. மென்மைதான் அதன் குறை. அதனால் எலும்பின் கனிமமான ஐதரொட்சி அபதைற்றை அதில் கலக்கிறோம். கிழக்கிலங்கைப் பல்கலைக்கழக வளாகங்களான வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ விஞ்ஞானம் படிக்கும் முதல் வருட மாணவருக்கும் இது கைகூடும். ஆய்வுகூடப் பயிற்சிக்கு மட்டும். உடலுக்குள் வைக்க அல்ல.

படி 1: சந்தையில் மீன் வெட்டுபவர்கள் ஒதுக்கும் சூரையின் நடுமுள்ளைக் கேட்டு வாங்குங்கள். அவித்து, சதையைச் சுரண்டி, காயவைத்து, மின் உலையில் 800 பாகை செல்சியசில் சில மணி நேரம் சுடுங்கள். ஆறியதும் ஒன்றை முறித்துப் பாருங்கள். நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் கரி மிச்சம் இருக்கிறது. மறுபடி சுட வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்தால் இடித்துச் சலியுங்கள்.

படி 2: 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் அல்ஜினேற்றுத் தூள் 2 கிராமைக் கலக்கிக்கொண்டே தூவுங்கள். கொட்டினால் கட்டிபட்டுவிடும். குமிழிகள் அடங்க இரவு முழுவதும் வையுங்கள்.

படி 3: இதை கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் ஊற்றச் சொல்பவர்கள் பலர். சிறு மணிகளுக்கு அது போதும். சாரக்கட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேற்பரப்பு நொடியில் இறுகிவிடும், உள்ளே கூழாகவே கிடக்கும். பதிலாக 1 கிராம் முள்தூள், 0.3 கிராம் கல்சியம் காபனேற்று இரண்டையும் அல்ஜினேற்றுக் கரைசலில் நன்றாகக் கலந்து, கடைசியில் 1.07 கிராம் குளுக்கோனோ டெல்டா லக்டோன் சேர்த்து, தாமதிக்காமல் அச்சில் ஊற்றுங்கள். லக்டோன் நீரில் மெல்ல அமிலமாகும். அமிலம் காபனேற்றைக் கரைக்கும். விடுபடும் கல்சியம் அல்ஜினேற்றுச் சங்கிலிகளை எங்கும் ஒரே சீராகப் பிணைக்கும். எருமைத் தயிர்ச் சட்டியைப் போல, உறையும்வரை அசைக்கக் கூடாது.

படி 4: குளிரில் உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். பனிப்படிகம் இருந்த இடமே துளை. மெல்ல உறைந்தால் துளை பெரிதாகும். கலம் நுழைய 100 மைக்கிரோமீற்றராவது வேண்டும். குருதிக்கலன் வளர 300 அளவில் இருப்பது நல்லது.

படி 5: உலர்ந்த துண்டை நிறுத்து, 37 பாகையில் பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத உப்புக் கரைசல்) ஊறவைத்து, மீண்டும் நிறுங்கள். கூடிய நிறையை உலர்நிறையால் வகுத்தால் வீக்க விகிதம். எங்கள் வாவிக்கரை ஈரக்காற்றில் துண்டு மேசையில் கிடந்தாலே நிறை கூடும்; சிலிக்கா ஜெல் இட்ட சாடியிலிருந்து எடுத்தவுடன் நிறுக்க வேண்டும். நாட்கணக்கில் ஊறினால் பொஸ்பேற்று கல்சியத்தைப் பிடுங்கி ஜெல்லைத் தளர்த்தும்.

அல்ஜினேற்றில் கலங்களுக்குப் பிடிமானம் கிடையாது. அடுத்த முறை 2ஆம் படியில் ஜெலற்றின் சேர்த்துப் பாருங்கள். ஆனால் 37 பாகையில் அது கரைந்து வெளியேறும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு பிணைப்பு வேண்டும்.