பழ ஈயின் காதலைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈயின் ஆணுக்குப் பெண்ணை நெருங்கும் வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டைவிட்டு வந்த நாளிலிருந்து தனியாகவே வளர்ந்த ஆண்கூட, சில நாள் கழித்து ஒரு பெண்ணோடு சின்ன அறைக்குள் விடப்பட்டால் முறைப்படி தொடங்கிவிடும். அவள் பக்கம் திரும்பும், பின்னாலேயே போகும், முன்காலால் தட்டும், ஒரு சிறகை மட்டும் நீட்டி அதிரவைத்துப் பாடும், பின்பகுதியை நக்கும், வயிற்றை வளைத்துக் கூட முயலும். கூடல் நடந்தால் ஏறக்குறைய 20 நிமிடம் நீடிக்கும். இவ்வளவு ஒழுங்கான நடத்தை பிறவியிலேயே வருகிறதென்றால் அதன் வேர் மரபணுவில் இருக்க வேண்டும். இதுவரை சரி. அடுத்த அடியில்தான் பலர் வழுக்குகிறார்கள். மரபணுவை ஒரு முனையிலும் நடத்தையை மறுமுனையிலும் வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் புரதம், நரம்பணு, வாசனை, அனுபவம் எல்லாவற்றையும் ஒரே தாவலில் கடந்துவிடுகிறார்கள்.

முதலில் ஆளை மாற்றிப் பிடிக்காமல் இருப்போம். நம் ஊர் மாந்தோப்புகளில் மெத்தில் யூஜினால் பொறி வைத்துப் பிடிக்கும் பழ ஈ பேக்ட்ரோசெரா என்ற வேறு பேரினம், வேறு குடும்பம். அது நல்ல காயைத் துளைத்து முட்டையிடும் பெரிய ஈ. ஆய்வுக்கூடத்து டிரோசோஃபிலா, கனிந்து அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான சின்ன ஈ. ஒன்றின் இனச்சேர்க்கைச் செய்தியை மற்றதற்குப் பொருத்தக் கூடாது.

“அந்த” மரபணு

1963இல் குல்பீர் கில், எக்ஸ் கதிர் பாய்ச்சிய ஈக்களில் மலடானவற்றைத் தேடும்போது ஒரு விசித்திர வகையைக் கண்டார். அந்த ஆண் ஈக்கள் மற்ற ஆண்களையும் துரத்தின. பிறகு ஜெஃப்ரி ஹால் இதை விரிவாக ஆராய்ந்தார் (உடல் கடிகார ஆய்வுக்காக 2017இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரேதான்). ஃப்ரூட்லெஸ் என்று பெயர் பெற்ற அந்த மரபணு 1996இல் பிரித்தெடுக்கப்பட்டது. 2005இல் எப்ரு டெமிரும் பேரி டிக்சனும் வியன்னாவில் செய்த சோதனை உலகச் செய்தியானது. ஃப்ரூட்லெஸ் மரபணுவின் ஆண் வடிவத்தைப் பெண் ஈயில் உருவாக வைத்தபோது, அந்தப் பெண் மற்றப் பெண்களைத் துரத்தி, தட்டி, சிறகு நீட்டியது. ஆணில் பெண் வடிவத்தைத் திணித்தபோது துரத்தலே அநேகமாக நின்றுபோனது.

இதைப் படித்தவர்களில் பலர் எடுத்துக்கொண்டது “ஆணிடம் மட்டும் இருக்கும் காதல் மரபணு” என்ற முடிவு. அது தவறு. ஃப்ரூட்லெஸ் இரு பாலிலும் உண்டு. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் விதத்தில்தான் வித்தியாசம். எடுத்த காட்சிகள் ஒன்றே, எடிட்டிங் வேறு என்பதுபோல. பெண்ணில் டிரான்ஸ்ஃபார்மர் என்ற புரதம் குறுக்கிட்டு வெட்டும் இடத்தை மாற்றுவதால், ஆணுக்குரிய ஃப்ரூட்லெஸ் புரதம் உருவாவதில்லை. ஆணில் டிரான்ஸ்ஃபார்மர் புரதம் இல்லாததால் படியெடுப்பு வேறு விதமாக வெட்டுப்பட்டு, ஆண் வடிவம் உருவாகிறது. அந்த வடிவமும் நேரடியாக யாரையும் துரத்தச் சொல்வதில்லை. அது மற்ற மரபணுக்களை முடுக்கியும் அடக்கியும் வைக்கும் ஒரு புரதம். ஏறக்குறைய 2,000 நரம்பணுக்களில் இருந்துகொண்டு, எந்தக் கிளை எங்கே நீள வேண்டும், எது எதோடு இணைய வேண்டும் என்பதை, பெரும்பாலும் கூட்டுப்புழுப் பருவத்திலேயே, தீர்மானிக்க உதவுகிறது. ஆக, அது நடத்தையை ஏவும் மரபணு என்பதைவிட, நடத்தைக்கான சுற்றைக் கட்டும் மரபணு என்பதே பொருத்தம்.

இன்னொரு சறுக்கல், ஃப்ரூட்லெஸ் ஒன்றே போதும் என்று நினைப்பது. ஆண் வடிவம் பெற்ற அந்தப் பெண் ஈக்களின் பாட்டைப் பிறகு பதிவுசெய்து கேட்டபோது, முறையான பாட்டு வரவில்லை. அதற்கு டபுள்செக்ஸ் என்ற இன்னொரு மரபணுவின் ஆண் வடிவமும் தேவை. இதைவிட எனக்குப் பிடித்தது, யூஃபெங் பானும் புரூஸ் பேக்கரும் 2014இல் வெளியிட்ட முடிவு. ஃப்ரூட்லெஸ் ஆண் புரதமே இல்லாத ஆண் ஈக்களைத் தனியாக வளர்த்தால் அவை பெண்ணைக் கண்டுகொள்வதில்லை. அதே வகை ஈக்களைச் சில நாள் கூட்டமாக வைத்திருந்தால், பிறகு துரத்தத் தொடங்குகின்றன! டபுள்செக்ஸ் இருக்கும்வரை, மற்ற ஈக்களோடு பழகிய அனுபவம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. “பிறவி நடத்தை” என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பாடப்புத்தகங்கள் காட்டும் அதே நடத்தைக்குள் கற்றல் இப்படி நுழைந்திருக்கிறது.

சாதாரண ஈயும் கற்கிறது. ஏற்கெனவே கூடிய பெண் மறுப்பாள். அவளிடம் மெனக்கெட்டுத் தோற்ற ஆண், பிறகு கன்னிப்பெண் கிடைத்தாலும் சிறிது நேரம் அடக்கியே வாசிக்கும். இதை சீகலும் ஹாலும் 1979இலேயே காட்டிவிட்டார்கள்.

மனிதனுக்குத் தாவுவது

ஃப்ரூட்லெஸ் செய்தி வரும்போதெல்லாம் “ஓரினச்சேர்க்கை மரபணு கண்டுபிடிப்பு” என்ற தலைப்பும் கூடவே வரும். இதில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று ஈயைப் பற்றியது. கில் கண்ட ஈக்கள் பெண்ணை விட்டு ஆணை விரும்பியவை அல்ல. இரு பாலையும் துரத்தின. வயிற்றை வளைக்கும் படிக்குப் போகாததால் யாரோடும் கூடவும் இல்லை. பால் அடையாளம் காண்பது, பாடுவது, கூடுவது எல்லாமே குலைந்த நிலை அது. “விருப்பம் திரும்பியது” என்று மட்டும் சுருக்க முடியாது. மற்றது மனிதரைப் பற்றியது. ஈயில் ஃப்ரூட்லெஸ் செய்வதுபோல ஒரே வெட்டில் பால் நடத்தையைப் பிரிக்கும் மரபணு மனிதரில் அறியப்படவில்லை. 2019இல் ஏறக்குறைய 4.7 இலட்சம் பேரின் மரபணுத் தரவை அலசிய ஆய்வும், தனியொரு மரபணு என்று எதையும் காணவில்லை. மிகச் சிறிய விளைவுள்ள பல இடங்கள் சிதறிக்கிடப்பதையே கண்டது. ஈயின் ஆய்வை வைத்து மனிதரின் உறவுகளை நியாயப்படுத்துவதும் கண்டிப்பதும் எனக்கு ஒரே அளவு அர்த்தமற்றதாகத்தான் படுகிறது.

இதன் சிறு தம்பி ஒரு தவறு உண்டு: ஈயிலும் ஒய் குரோமோசோம்தான் ஆணாக்குகிறது என்பது. இல்லை. எக்ஸ் ஒன்றா இரண்டா என்பதே அங்கே கணக்கு. ஒய் இல்லாமல் ஒற்றை எக்ஸோடு பிறக்கும் ஈ, மலடாக இருந்தாலும் ஆண்தான். இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருந்தால் பெண்.

பித்தான் அழுத்தினால் காதலா?

ஆண் ஈயின் மூளையில் பி1 எனப்படும் நரம்பணுக் கூட்டம் உண்டு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 அணுக்கள். பெண்ணில் டபுள்செக்ஸின் பெண் வடிவம் இவற்றை வளர்ச்சியின்போதே அழித்துவிடுகிறது. ஆணில் இவற்றை வெப்பத்தாலோ ஒளியாலோ செயற்கையாகத் தூண்டினால், ஈ அசையும் ரப்பர் பட்டையைக்கூடத் துரத்திப் பாடுகிறது. காணொளியில் பார்த்தால் சிரிப்பு வரும். உடனே “பி1தான் காதலின் சுவிட்ச்” என்று எழுதிவிடுகிறோம்.

ஆனால் அதே சோதனையிலேயே ரப்பர் பட்டை அசைய வேண்டியிருக்கிறது. பி1 உள்ளே ஒரு முனைப்பை ஏற்படுத்துகிறது. யாரை நோக்கி, எப்போது என்பதைக் கண் சொல்கிறது. தூண்டுதலை நிறுத்திய பிறகும் அந்த முனைப்பு சில நிமிடங்கள் நீடிப்பதுண்டு. அதோடு, தூண்டும் அளவைக் குறைத்தால் இதே கூட்டம் ஆண்களுக்குள் சண்டையையும் கிளப்புகிறது. சுவிட்ச் என்றால் எதற்கான சுவிட்ச்?

பாட்டு உருவாகும் இடமும் அது அல்ல. சிறகை அதிரவைக்கும் தாளம் மார்புப் பகுதி நரம்புத் திரளில் பிறக்கிறது. கிளைனும் மீசன்பாக்கும் 2008இல் தலை துண்டிக்கப்பட்ட ஈக்களில் ஃப்ரூட்லெஸ் நரம்பணுக்களை ஒளியால் தூண்டிப் பாடவைத்தார்கள். வழக்கமாகப் பாடாத பெண்களிடமும் சற்றுக் கோணலான பாட்டு வந்தது. பெண்ணிடம் பாட்டுக் கருவி இல்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. கருவி இருக்கிறது, மேலிருந்து கட்டளைதான் வருவதில்லை.

பெண்ணை வெறும் இலக்காக எழுதுவதும் பழைய வழக்கம். அவள் பாட்டின் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியை (இந்த இனத்தில் ஏறக்குறைய 35 மில்லிநொடி) கேட்டு எடைபோடுகிறாள், வேகத்தைக் குறைக்கிறாள் அல்லது உதைத்து விரட்டுகிறாள். அவள் எவ்வளவு தூரத்தில், எப்படி நகர்கிறாள் என்பதைப் பார்த்து ஆண் தன் பாட்டை நொடிக்கு நொடி மாற்றுகிறது. இதை மாலா மூர்த்தியின் குழு 2014இல் காட்டியது.

வாசனைக்கு நிலையான பொருள் கொடுப்பதும் இதே வகைத் தவறு. சிஸ்-வாக்சினில் அசிடேட் என்ற ஆண் வாசனையை ஒரே வகை ஏற்பிதான் இரு பாலிலும் உணர்கிறது. ஆணைத் தயங்கவைக்கும் அது, பெண்ணை இணங்கவைக்கிறது. மெலனோகாஸ்டர் பெண்ணின் மேல்தோலில் இருக்கும் இன்னொரு வேதிப்பொருள் தன் இனத்து ஆணை ஈர்க்கும். நெருங்கிய உறவான சிமுலன்ஸ் இனத்து ஆணைத் தடுக்கும். இரண்டு இனங்களின் காலிலும் அதை உணரும் நரம்பணுக்கள் ஒன்றுபோலவே வேலைசெய்கின்றன. பி1ஐ எட்டும் தூண்டலும் தடுப்பும் கலக்கும் விகிதமே மாறியிருக்கிறது என்று வனெஸ்ஸா ரூட்டாவின் ஆய்வகம் 2018இல் கண்டது.

சோதனை செய்யும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண் ஈ, பார்த்த நேரத்தில் எத்தனை பங்கைத் துரத்தலில் செலவிட்டது என்பதே வழக்கமான அளவுகோல். அது குறைந்தவுடன் “காதல் மரபணு கெட்டது” என்று எழுதாதீர்கள். வெள்ளைக்கண் ஈக்கு மங்கலாகத்தான் தெரியும். நடக்கத் திணறும் ஈயும், கூடிக் களைத்த ஈயும் துரத்தாது. வயது, தனிமை, பெண் கன்னியா என்பவற்றைச் சமன் செய்யாமல் வரும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இப்போது புதிதாக ஒரு தவறு பரவுகிறது: மூளையின் முழு வரைபடம் வந்துவிட்டது, இனி எல்லாம் விளங்கிவிடும் என்று. 2024இல் வெளியான 1,39,255 நரம்பணு கொண்ட வரைபடம் ஒரேயொரு பெண் ஈயின் மூளை. ஆணின் பி1 கூட்டத்தை அதில் தேடிப் பயனில்லை. அதற்கு 2025இல் வெளிவந்த ஆண் ஈயின் நரம்பு மண்டல வரைபடத்துக்குத்தான் போக வேண்டும். அதிலும் எந்தக் கம்பி எதோடு இணைகிறது என்று இருக்கும். பலமுறை கூடிய ஆணின் ஆர்வம் வடிந்து, சில நாளில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் வழியாக மெல்ல ஏறிவருவது இருக்காது.