சிறார் பராமரிப்புத் துறையைச் சீர்திருத்தும் கவுன்சில்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், சிறார் சமூகப் பராமரிப்புச் சேவையை, அரசின் தர ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்கள் சோதித்து, நான்கு படிநிலைகளில் கடைசியான ‘போதாது’ என்ற மதிப்பீட்டை அளித்துவிட்டால், அடுத்த சில வாரங்களிலேயே ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதப்பட்டுவிடும். அதில் இலக்குகளும் பொறுப்பாளர்களும் மாதவாரி அட்டவணைகளும் இருக்கும். அந்தத் திட்டத்தை முழுவதும் படித்த பின்பும், ஒரு குழந்தையுடன் யார், எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசப் போகிறார் என்பதற்கு விடை கிடைக்காவிட்டால், திட்டம் அங்கேயே தவறிவிட்டது என்பதே என் கருத்து.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்ட்டில் பிறந்து, பிரான்ஸ் வழியாக லண்டனுக்கு அழைத்து வரப்பட்ட அந்த எட்டு வயதுச் சிறுமி, பராமரிப்பதாகக் கூறி அழைத்து வந்த உறவுக்காரப் பெண்ணாலும் அவரது துணைவராலும் வதைக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் இறந்தாள். 2003-இல் வெளியான லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 முக்கிய வாய்ப்புகள் கிடைத்திருந்தன என்று பதிவு செய்தது. அவளுக்கெனப் பொறுப்பளிக்கப்பட்ட சமூகப் பணியாளர் அவளைப் பார்த்தது நான்கு முறைதான். அவளுடன் செலவிட்ட நேரம் மொத்தமாகவே அரை மணியைத் தாண்டவில்லை.

இவ்வளவு கசப்பான பாடத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு, காலக்கெடுவைத் தரமாக எடுத்துக்கொள்வதாகும். ஒரு குழந்தையைப் பற்றிய தகவல் வந்தால் ஒரு வேலைநாளுக்குள் அடுத்த நடவடிக்கையை முடிவு செய்ய வேண்டும். மதிப்பீட்டை 45 வேலைநாள்களுக்குள் முடிக்க வேண்டும். இந்த வரம்புகள் தேவையானவையே. ஆனால் எண்ணுவதற்கு எளிதானவை அவை மட்டுமே என்பதால், மேலாளர்களின் கூட்டங்களில் அவற்றைப் பற்றியே பேச்சு நடக்கிறது. 44-ஆம் நாளில் முடிக்கப்பட்ட ஒரு மதிப்பீட்டில், தாயின் கூற்றும் பள்ளியின் கூற்றும் விரிவாக எழுதப்பட்டு, குழந்தை சொன்னது ஒரு வரிகூட இல்லாமல் போனாலும், அட்டவணையில் அது பச்சை நிறத்தில்தான் தெரியும். அரசின் வேண்டுகோளின் பேரில் சிறார் பாதுகாப்பு முறையைப் பற்றி ஆய்வு நடத்தி 2011 மே மாதத்தில் இறுதி அறிக்கை தந்த பேராசிரியர் அய்லீன் மன்றோ, விதிகளும் படிவங்களும் பெருகிப் பெருகிப் பணியாளரின் சுய தீர்ப்பை விழுங்கிவிட்டதைத்தான் சுட்டிக்காட்டினார். ஆகவே, ஒரு மேம்பாட்டுக் குழு முதலில் கேட்க வேண்டியது, கோப்புகள் உரிய நாளில் மூடப்பட்டனவா என்பதன்று. மாதத்துக்குப் பத்து கோப்புகளையேனும் மூத்த அதிகாரிகளே திறந்து படித்து, அந்தக் குழந்தை எப்படிப்பட்டவள், எதற்கு அஞ்சுகிறாள், யாரை நம்புகிறாள் என்பது அந்தக் கோப்பிலிருந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இயக்குநரும் பொறுப்புக் கவுன்சிலரும் இதைச் செய்யத் தொடங்கினால், துறையின் பேச்சே மாறத் தொடங்கும்.

இரண்டாவது பெரிய தவறு, துயரம் நிகழ்ந்தவுடன் ஒருவரின் தலையை வாங்கிவிட்டால் துறை திருந்திவிடும் என்று நம்புவது. 2007 ஆகஸ்டில் லண்டனின் ஹேரிங்கே பகுதியில் பீட்டர் கானலி என்ற 17 மாதக் குழந்தை கொல்லப்பட்ட பின், 2008 டிசம்பரில் அங்கிருந்த சிறார் சேவை இயக்குநர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அந்த நீக்கம் நியாயமான முறையில் நடக்கவில்லை என்று 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மீது தவறு இருந்ததா இல்லையா என்பது இங்கே என் கேள்வியன்று. அதற்குப் பிறகு நாடெங்கும் சமூகப் பணியாளர்களிடையே பரவிய அச்சமே என் கவலை. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கோரி நீதிமன்றத்துக்குச் சென்ற விண்ணப்பங்கள் கிடுகிடுவென உயர்ந்தன. பிரிக்கப்பட வேண்டிய சில குழந்தைகள் அதனால் காப்பாற்றப்பட்டிருக்கலாம். ஆயினும், தன்னைக் காத்துக்கொள்வதற்காக எடுக்கப்படும் முடிவு, குழந்தையைக் காப்பதற்கான முடிவுடன் ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அச்சம் நிலவும் இடத்தில் அனுபவசாலிகள் தங்குவதில்லை. அவர்கள் விட்டுச்செல்லும் இடங்களை ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாகத் தற்காலிகமாக வரும் ஏஜென்சிப் பணியாளர்களைக் கொண்டு நிரப்புவது ஓரிரு மாதங்களுக்குத் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அதுவே வழக்கமாகிவிடும்போது, ஒரு குழந்தை தன் கதையை ஒரே ஆண்டில் மூன்று நான்கு அந்நியர்களிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிறது. நான்காவது முறை அது சொல்லாது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அரசின் விதிகள், நிரந்தரப் பணியை விட்டவர் அதே பகுதியில் மூன்று மாதங்களுக்குள் ஏஜென்சி வழியாகத் திரும்புவதைத் தடுக்கின்றன. போதிய அனுபவம் இல்லாதவர்களை ஏஜென்சியிலிருந்து எடுப்பதையும் கட்டுப்படுத்துகின்றன. இவை உதவும். ஆனால் ஒரு பணியாளரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் இருக்கலாம் என்ற வரம்பைக் கவுன்சில் வெளிப்படையாக அறிவித்து அதைக் காக்காவிட்டால், எந்த விதியும் ஆளைத் தங்க வைக்காது.

அமைப்பின் பெயரையும் பலகையையும் மாற்றினால் போதும் என்று எண்ணுவதும் தவறே. டொன்காஸ்டர் நகரின் சிறார் சேவை 2014-இல் கவுன்சிலிடமிருந்து தனி அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. 2022-இல் அது மீண்டும் கவுன்சிலிடமே வந்தது. பர்மிங்ஹாமில் 2018-இல் தொடங்கிய அறக்கட்டளை நல்ல முன்னேற்றம் கண்டது. லீட்ஸோ கவுன்சிலுக்குள் இருந்தபடியே, நெருக்கடியிலிருந்து மீண்டு 2018-இல் ‘மிகச் சிறப்பு’ என்ற மதிப்பீட்டைப் பெற்றது. தாத்தா பாட்டி, சித்தி, மாமா என உறவினர்களைக் கூட்டி, குழந்தையின் பாதுகாப்புக்கான திட்டத்தை அந்தக் குடும்பமே வகுக்கும் முறையை லீட்ஸ் விடாமல் கடைப்பிடித்தது. அந்தப் பொறுமைதான் அங்கே வேலை செய்தது.

கெட்ட செய்தியை மேலே வரவிடாமல் தடுப்பது எல்லாவற்றிலும் கொடிய தவறு. வட இங்கிலாந்தின் ராதரம் நகரில் 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 சிறார்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014-இல் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே தன் அறிக்கையில் மதிப்பிட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே, 2002, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்ட அறிக்கைகள் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தும் அவை ஏற்கப்படவில்லை. சிறுமிகளின் சொல் நம்பப்படாததற்கு, அவர்களே விரும்பித் தேர்ந்த வாழ்க்கை இது என்ற எண்ணமும் ஒரு காரணம். 13 வயதுக் குழந்தையைப் பற்றி ஒரு கோப்பில் அப்படி எழுதப்பட்டிருந்தால், அதைப் படிக்கும் மேலாளர் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். குடும்பத்துக்குத் தொடக்கத்திலேயே தர வேண்டிய உதவியை வெட்டி மிச்சம் பிடித்த கவுன்சில், பின்னாளில் அதைவிடப் பன்மடங்கைத் தனியார் இல்லங்களுக்குச் செலுத்துகிறது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2022-இல் ஆராய்ந்தபோது, பெரிய தனியார் நிறுவனங்களின் சிறார் இல்லங்கள் சராசரியாக 22.6 சதவீத இயக்க லாபம் ஈட்டியதைக் கண்டது. இடம் கிடைக்காமல் வெள்ளிக்கிழமை மாலையில் தொலைபேசியில் தேடி, நூறு மைல் தொலைவில் ஒரு படுக்கையை வாங்கும் நிலைக்கு வருமுன், உள்ளூரில் வளர்ப்புப் பெற்றோரைத் திரட்டிப் பயிற்சியளிக்க வேண்டும்.

மொழியைப் பற்றி இறுதியாகச் சொல்லியாக வேண்டும். லண்டனின் ஹாரோ, நியூஹாம் போன்ற பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். விக்டோரியா பேசியது பிரெஞ்சு. குழந்தையின் பாதுகாப்புக்காக அதனுடன் பேச வேண்டிய இடத்தில், அதன் முதல் மொழி ஆங்கிலம் அல்லவென்றால் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் என்று லாமிங் அறிக்கையின் 18-ஆம் பரிந்துரை கூறுகிறது. எனினும், வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பெரிய பிள்ளையையோ, பக்கத்து வீட்டு அக்காவையோ, சில நேரங்களில் சந்தேகத்துக்கு உரிய உறவினரையோ கொண்டு பேசி முடிப்பது எளிது. அப்பாவைப் பற்றிக் கேட்கும் கேள்வியை மகளே அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய நிலையில், உண்மை எப்படி வெளிவரும்? குடும்பத்தோடும் அவர்கள் செல்லும் கோயிலோடும் தொடர்பில்லாத, தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாதபோது, ஏன் முடியவில்லை என்பதை அந்தக் குழந்தையின் கோப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.