எல்லா இடத்திலும் ஆடக்கூடிய கால்பந்து வீரராக வளர்வது எப்படி?

பல இடங்களில் ஆடக்கூடியவர் என்று பெயரெடுக்க விரும்பும் இளம் வீரர், முதலில் ஓரிடத்தை ஐயமறக் கற்றுக்கொள்ள வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜான் ஓஷே பின்வரிசை முழுவதிலும் நடுக்களத்திலும் ஆடியவர். 2007 பிப்ரவரியில் டாட்டன்ஹாமுக்கு எதிராகக் கோல்கீப்பர் காயமடைந்தபோது, மாற்று ஆட்டக்காரர்களும் தீர்ந்துவிட்ட நிலையில் கையுறை மாட்டிக்கொண்டு ராபி கீனின் முயற்சியையும் தடுத்தார். ஆயினும் அவர் அடிப்படையில் பின்வரிசைக்காரர். ஐந்து பிரீமியர் லீக் பட்டங்களும் அந்தப் பிடிமானத்தின் மீதே வந்தன.

இரண்டாவது இடம் முதலாவதற்கு அடுத்ததாக இருப்பது நல்லது. ரைட் பேக்காக, அதாவது பின்வரிசையின் வலப்பக்க ஓரத்தில், ஆடுபவருக்கு எல்லைக்கோடு ஒரு பக்கத்தைக் காத்துக்கொள்கிறது. எதிராளி மறுபக்கத்திலிருந்துதான் வர முடியும். நடுக்களத்துக்கு நகர்ந்தவுடன் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. எனவே பந்து வந்து சேர்வதற்குள் இரு தோள்களுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிட்டு, உடலைப் பாதி திருப்பி, பந்து வரும் திசைக்கு அப்பாலுள்ள காலால் வாங்கப் பழக வேண்டும். இதற்குச் சுவர் ஒன்றும் நண்பர் ஒருவரும் போதும்: சுவரில் பட்டுப் பந்து திரும்பும் நேரத்தில், பின்னால் நிற்கும் நண்பர் விரல்களைக் காட்ட, அவர் காட்டிய எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும்.

பக்கம் மாறுவதும் தனிப் பாடமே. வலக்கால்காரரான ஜேம்ஸ் மில்னர் 2016-17 பருவத்தில் லிவர்பூலுக்கு லெஃப்ட் பேக்காக, அதாவது பின்வரிசையின் இடப்பக்க ஓரத்தில், ஆடினார். அவ்வாறு ஆடுபவர் கோட்டோரம் ஓடி இடக்காலால் பந்தைத் தூக்கிப் போடுவதைவிட, உள்ளே திரும்பி வலக்காலால் பாஸ் கொடுப்பதையே பெரும்பாலும் நாடுவார். எதிரணியும் அதை எதிர்பார்க்கும் என்பதால் இடக்காலையும் பழக்கியே ஆக வேண்டும்.

கோவைக்காரர்களுக்கு வாளையாறு தாண்டினால் பாலக்காட்டுப் பக்கத்துச் செவன்ஸ் ஆட்டங்கள் உண்டு. ஏழு பேர் ஆட்டத்தில் தாக்குதலும் தற்காப்பும் எல்லோருக்கும் பொது என்பதால் அது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் பதினொருவர் ஆட்டத்துக்குரிய வரிசை ஒழுங்கு அங்கே கைவராது.

கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு இந்தியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கில் 2018-19 பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் இருந்தார். நடுக்களம், ரைட் பேக் ஆகிய இரண்டிலும் ஆடக்கூடிய அவர் 2019இலேயே 'சென்னையின் எஃப்சி' என்ற வேறோர் அணிக்குச் சென்றார்.

தேர்வு முகாமில் உங்கள் இடத்தைக் கேட்டால் "எங்கே வேண்டுமானாலும்" என்று சொல்லாதீர்கள். ஒன்றும் உருப்படியாகத் தெரியாதவர் என்றே பயிற்சியாளர் எண்ணக்கூடும். "ரைட் பேக்குங்க சார், தேவைன்னா நடுவுலயும் ஆடுவனுங்க" என்பது தெளிவான பதில்.

இந்தத் திறமைக்கு ஒரு விலையும் உண்டு. யாருக்கு அடிபட்டாலும் பயன்படுவார் என்பதற்காகவே இத்தகைய வீரரைப் பெஞ்சில் வைத்திருப்பார்கள். ஓஷே 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் முழுவதையும் வெளியே உட்கார்ந்து பார்த்தார்; மறு ஆண்டு இறுதியாட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ரைட் பேக்காக ஆடினார். ஆகவே எந்த ஆட்டத்தில், எந்த இடத்தில், எத்தனை நிமிடம் ஆடினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு பருவம் முழுவதும் முதன்மை இடத்தில் வாய்ப்பே வரவில்லையென்றால், அந்த நோட்டை வைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் நேரில் பேசுங்கள்.