முண்டு மிளகாய்க்கு அடித்த மருந்து கேட்டதா?

மருந்து அடித்த மூன்றாம் நாள் செடி தெளிந்தது போலத் தெரியும். அது மருந்தாலா, இடையில் பெய்த மழையாலா? கடைக்காரர் சொல்லை நம்புவதைவிட நாமே எண்ணிப் பார்த்துவிடலாம்.

முதலில் இலையைப் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு. இதில் தவறினால் எவ்வளவு அடித்தாலும் காசுதான் போகும்.

இலைப்பேன் என்றால், நாலு வரிசையை மருந்து படாமல் விட்டுவிடுங்கள். கடல்காற்று சாரலைத் தள்ளும். அதனால் காற்று வரும் பக்கத்து வரிசைகளாக இருக்கட்டும். அடிப்பதற்கு முன்னால் இரு பக்கமும் பத்துப் பத்துச் செடிகளில் நுனிக்கொழுந்தை வெள்ளைத்தாளின் மேல் தட்டி, விழும் பேன்களை எண்ணுங்கள். தொடக்கத்தில் கணக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் திரும்ப எண்ணுங்கள்.

அடிக்காத பக்கம் 40, அடித்த பக்கம் 10 என்றால் 30 பேன் குறைந்திருக்கிறது. 40-ல் 30, அதாவது 75 சதவீதம். 1925-ல் அபாட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் வெளியிட்ட கணக்கு இது, ஆய்வு நிலையங்களிலும் புழங்குகிறது. ஏழாம் நாளே பேன் பழையபடி ஏறியிருந்தால் அதே மருந்தைத் திரும்ப அடிக்காமல், வேறு வகைக்கு மாறுங்கள்.

அப்புறம், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலப்பவர்கள் நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கலக்க வேண்டாம். நுரை வராது, எண்ணெய் தனியே மிதக்கும். ஊருணித் தண்ணீர் எடுங்கள்.